கூண்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், விசிட்டர் பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு பூனையைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் கொடுத்த செயலாளர் சாருக்கு நன்றி. "பூனைக்கு ஒரு கூட்டமா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பூனை பிடித்தவர்கள் மட்டும் கேட்க வேண்டிய பேச்சு இல்லை இது. நாம் எல்லாரும் சேர்ந்து கை தூக்கி எடுத்த ஒரு முடிவின் மீதிக் கதை.

மார்ச்சில் பெயிண்டிங் வேலை தொடங்குவதற்கு முன் நம் பேஸ்மென்ட்டில் இருந்த ஒன்பது பூனைகளைப் பிடித்து, ஊருக்கு வெளியே உள்ள ஒரு காப்பகத்துக்கு அனுப்பினோம். அந்த முடிவைக் கிளறுவதற்காக நான் வரவில்லை. பெயிண்ட் டின், தின்னர், சாரம் எல்லாம் இருந்த இடத்தில் அவை இருந்திருக்க முடியாது. அனுப்பிய பிறகு என்ன ஆயின என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஒன்பதில் இரண்டு குட்டிகளுக்கு முதல் மாதமே வீடு கிடைத்துவிட்டது. ஒன்று காய்ச்சலில் இறந்தது. மீதி ஆறும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நான் சனிக்கிழமைகளில் அங்கே போய்க் கூண்டு கழுவுவது, தீனி வைப்பது என்று உதவி செய்கிறேன். ஆறும் எனக்குப் பேர் தெரிந்த பூனைகள். நம் பிள்ளைகள் வைத்த பேர்கள்: பூரி, கறுப்பி, பாட்டி, சட்னி, வாட்ச்மேன், சின்னது.

காப்பகத்தை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, தடுப்பூசி, கருத்தடை அறுவை எல்லாம் நடக்கிறது. ஆனாலும் பூரி என்கிற அந்த ஆரஞ்சு நிறக் கடுவன், செக்யூரிட்டி அண்ணன் டிபன் டப்பாவைத் திறந்தால் மூன்றாவது நொடியில் காலடியில் நின்றவன், அங்கே கூண்டின் கடைசி மூலையில், மலத் தட்டுக்குள்ளேயே முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். எதற்கு மணல் தட்டில் படுக்கிறான் என்று முதலில் புரியவில்லை. கூண்டுக்குள் விளிம்பு உள்ள இடம் அது ஒன்றுதான். உடம்பை ஒட்டி மறைத்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

நாயைப் புது இடத்துக்குக் கொண்டுபோனால், கூட ஒரு மனிதர் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். பூனைக்கு இடம்தான் பிடிமானம். நம் பேஸ்மென்ட்டில் ஒவ்வொரு தூணிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருக்கும். எந்த கார் பானட் சூடாக இருக்கும், எந்த நேரத்தில் குப்பை வண்டி வரும், எந்தத் தளத்துப் பையன் துரத்துவான் என்று ஒரு வரைபடமே தலைக்குள் இருக்கும். அதையெல்லாம் ஒரே நாளில் பறித்து, டெட்டால் வாசனை அடிக்கும் மூன்றடிக் கூண்டில் வைத்து, பக்கத்து அறையில் நாற்பது நாய் குரைக்கும்போது, அது என்ன செய்யும்? கத்தாது, ரகளை பண்ணாது. அசையாமல் கிடக்கும். பூனையின் பயம் சத்தமில்லாதது. பார்க்க வருகிறவர்கள் "எவ்வளவு சாதுவாத் தூங்குது பாருங்க" என்பார்கள். அது தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கால்களை உடம்புக்கு அடியில் இறுக்கி, காதை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கும்.

இதை அளந்து பார்க்க ஓர் அளவுகோலே இருக்கிறது. 1997-இல் சுவிட்சர்லாந்தில் கெஸ்லர், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள், பூனையின் வயிறு, கால், வால், தலை, கண், காது, மீசை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, முழு நிம்மதியிலிருந்து உச்சகட்ட பீதி வரை ஏழு படி வைத்து மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார்கள். காப்பகங்களில் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொடாமல், கூண்டைத் திறக்காமல் ஒரு நிமிடம் பார்த்தே போடலாம். நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். பூரிக்கு முதல் வாரம் நான் போட்டது ஆறு.

பயத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், சாப்பாடுதான் கிடைக்கிறதே என்று நினைக்கலாம். இங்கேதான் விஷயம் உடம்புக்கு வருகிறது. பூனைகளுக்கு வரும் ஜலதோஷத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸ். ஒருமுறை வந்தால் உடம்பைவிட்டுப் போகாது, நரம்புக்குள் ஒளிந்திருக்கும். மன அழுத்தம் ஏறினால் திரும்ப வெளியே வரும். அப்போது தும்மல், கண்ணில் பீளை, மூக்கடைப்பு. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே கல்லீரல் பாதிக்கப்படும். ஒரு கூண்டில் தொடங்கினால் வரிசை முழுக்கப் பரவும். வட அமெரிக்காவில் ஒன்பது காப்பகங்களைக் கவனித்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜலதோஷம் குறைவாக இருந்த இடங்களில் இரண்டு விஷயங்களைக் கண்டது: கூண்டின் தரைப் பரப்பு சுமார் எட்டு சதுர அடிக்கு மேல் இருந்தது, வந்த முதல் வாரத்தில் பூனையைக் கூண்டுவிட்டுக் கூண்டு மாற்றுவது குறைவாக இருந்தது. கொஞ்சம் இடமும் கொஞ்சம் நிலைப்பும்தான்.

நம் ஊர்க் காப்பகங்களில் எட்டு சதுர அடி என்பது பலசமயம் கனவு. மழைக்காலம் வந்தால் ஒரு கூண்டில் இரண்டு வைக்கிற நிலை. அதனால் செலவில்லாமல் எதைச் செய்ய முடியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது: அமேசான், ஃபிளிப்கார்ட், பிக்பாஸ்கெட் பெட்டி.

சிரிக்காதீர்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்கே குழுவினர் இதைச் சோதித்து 2014-இல் எழுதினார்கள். புதிதாகக் காப்பகத்துக்கு வந்த 19 பூனைகளில் 10-க்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், 9-க்குக் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் ஒரே மாதிரி. நான் சொன்ன அதே மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளின் அழுத்தம் மூன்றாம், நான்காம் நாளிலேயே தெளிவாக இறங்கியிருந்தது. பெட்டி இல்லாதவற்றுக்கு அதே அளவு இறங்க வெகுநாள் பிடித்தது. சின்ன ஆய்வுதான், 19 என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அதே நாட்டில் 2019-இல் திரும்பச் செய்தபோதும் பெட்டி உள்ளவை சீக்கிரம் தேறின.

காப்பகத்தில் இதைச் சொன்னபோது அங்கே வேலை செய்யும் அக்கா நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "பெட்டி வெச்சா உள்ளேயே ஒளிஞ்சிக்கும். பாக்க வர்றவங்க கண்ணுல படாது. அப்புறம் யாரு எடுத்துட்டுப் போவா?" எனக்கும் பதில் சட்டென்று வரவில்லை. பூரியின் கூண்டில் வைத்துப் பார்த்தோம். வாய் பக்கவாட்டில் இருக்கும்படி, பின்னால் இன்னொரு ஓட்டை போட்டு. இரண்டு நாள் உள்ளேயே இருந்தான். மூன்றாம் நாள் தலை வெளியே. அடுத்த சனிக்கிழமை பெட்டியின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். ஓடி ஒளிய ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வெளியே வர தைரியம் வரும் போலிருக்கிறது. பெட்டியின் மேல்பக்கம் ஒரு மேடையாகவும் ஆகிறது. பூனைக்கு உயரம் ஒரு பெரிய ஆறுதல்.

அட்டை நனைந்தால் போச்சே என்பார்கள். அதுதான் வசதியே. பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா என்ற கொடிய வைரஸ், இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. பிளாஸ்டிக் வீடு வாங்கி வைத்தால் ப்ளீச் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அட்டைப்பெட்டியை ஒரு பூனைக்கு மேல் பயன்படுத்தவே கூடாது. அந்தப் பூனை போனதும் தூக்கி எறிய வேண்டியதுதான். அதனால்தான் நிறைய வேண்டும்.

அடுத்தது பொழுது. நம் பேஸ்மென்ட்டில் ஒரு பூனையின் நாள் எப்படிப் போயிற்று? பாதிக்கு மேல் தூக்கம். மீதி நேரம் பல்லி பார்க்கும், கரப்பான் துரத்தும், தூணைப் பிறாண்டும், மூன்றாவது மாடி மாமி மீன் கழுவும் வாசனைக்குப் படியேறும். கூண்டில் ஒரு கிண்ணம் தீனியை இரண்டு நிமிடத்தில் தின்றுவிட்டால் மீதி இருபத்திமூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடத்துக்கு வேலையே இல்லை. அந்த வெறுமையில் சில பூனைகள் தன் ரோமத்தையே நக்கி நக்கி வழுக்கையாக்கிக்கொள்கின்றன. சில கம்பியைக் கடிக்கின்றன. சில எதிலும் ஆர்வமின்றி அப்படியே அடங்கிவிடுகின்றன. கடைசி வகையைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டம்.

இதற்கான வழிகள் எல்லாம் நம் சமையலறைக் குப்பையில் இருக்கின்றன. முட்டை அட்டையின் குழிகளில் உலர் தீனியைப் போட்டு வைத்தால் கையால் நோண்டி எடுக்கும். டிஷ்யூ ரோலின் உள் குழாயில் இரண்டு ஓட்டை போட்டு, ஓரத்தை மடித்து உருட்டிவிட்டால் ஒவ்வொன்றாக விழும். இதில் ஓர் எச்சரிக்கை. பூனை உழைத்துச் சாப்பிடவே விரும்பும் என்று சொல்வது மிகை. கலிஃபோர்னியாவில் மிகேல் டெல்காடோ குழுவினர் 17 வீட்டுப் பூனைகளை வைத்து 2021-இல் பார்த்தபோது, தட்டில் சும்மா கிடைத்த தீனியைத்தான் அவை அதிகம் எடுத்தன. நம் வீட்டு ஆண்பிள்ளைகள் மாதிரி என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். அதனால் புதிதாக வந்த, பயந்த பூனைக்கு எளிதான தட்டு கட்டாயம் வேண்டும். விளையாட்டுத் தீனி அதற்கு மேல்தான்.

பிறாண்டுவதற்கு மூன்றடிக் கட்டையில் தேங்காய்நார்க் கயிறு இறுகச் சுற்றினால் போதும். பழைய கோணிச் சாக்கும் ஆகும். ஆனால் பூ கட்டும் நார், ரப்பர் பேண்டு, தையல் நூல், தீபாவளி ஜிகினாத் தாள் எதுவும் வேண்டாம். பூனையின் நாக்கில் உள்நோக்கி முட்கள் இருப்பதால் நூல் உள்ளே போனால் துப்ப முடியாது. குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதை இன்றே கவனிக்க வேண்டும். அப்படியே இன்னும் இரண்டு: பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொல்லும், லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

வாசனையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. வெளிநாடுகளில் கேட்னிப் என்ற செடியைக் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனை அதற்கு மயங்கி உருளும், மற்றவை கண்டுகொள்ளாது, சின்னக் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது. நமக்கு அதை ஆன்லைனில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் களையாக முளைக்கிறதே குப்பைமேனி, அதன் இன்னொரு பெயர் என்ன தெரியுமா? பூனைவணங்கி. பிடுங்கின வேரைப் போட்டால் பூனை அதில் முகத்தைத் தேய்த்துப் புரளும். பேர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். வேரை மண் போகக் கழுவி, பத்து நிமிடம் முகரக் கொடுத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். தின்ன விடக் கூடாது, அது மருந்துச் செடி. வாட்ச்மேன் என்ற நம் சாம்பல் நிறப் பூனை, மூன்று வாரமாக யாரையும் பார்க்காமல் கிடந்தவன், இந்த வேருக்குப் புரண்டதை அந்த அக்கா போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார்.

இப்போது நான் சொல்லப்போவதைத்தான் யாரும் நம்புவதில்லை: பயிற்சி. நாயைப் பழக்கலாம், பூனையைப் பழக்க முடியாது என்பது நம் எல்லாருடைய எண்ணம். வேடிக்கை என்னவென்றால், பரிசு கிடைக்கும் செயலை உயிர்கள் திரும்பச் செய்யும் என்ற விதியை எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் 1898-இல் எழுதியபோது, அவர் முக்கியமாக வைத்துப் பார்த்தது பூனைகளைத்தான். பெட்டிக்குள் பூனை, வெளியே மீன். எப்படியோ ஒரு கயிறு இழுபட்டுக் கதவு திறக்கும். அடுத்தடுத்த முறை இன்னும் சீக்கிரம் இழுக்கும். இன்றைக்கு உலகமெங்கும் நாய்ப் பயிற்சியாளர்கள் செய்வதற்கெல்லாம் அடித்தளம் போட்டது பூனை.

முறை எளிது. ஒரு "டிக்" சத்தம் வேண்டும், பட்டன் பேனா போதும். முதலில் டிக், உடனே ஒரு துணுக்குத் தீனி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. சத்தம் வந்தால் தீனி வரும் என்று பூனைக்குப் பதிந்துவிடும். பிறகு ஐஸ்கிரீம் குச்சியைக் கம்பி வழியாக நீட்டுங்கள். பூனை ஆர்வத்தில் மூக்கை அருகே கொண்டுவரும். மூக்கு பட்ட கணத்தில் டிக், தீனி. அவ்வளவுதான். குச்சியைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று புரிந்த பூனையைக் குச்சியைக் காட்டியே கூண்டின் முன்பக்கம் வரவைக்கலாம், தூக்கிப்போகும் கூடைக்குள் தானாக ஏறவைக்கலாம், எடை மெஷினில் நிற்கவைக்கலாம். பிடித்து அமுக்க வேண்டாம், கீறல் வாங்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பூனை திரும்பிக்கொண்டால் அன்றைக்கு முடிந்தது. திட்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் இதில் கிடையாது. தண்ணீர் தெளித்தால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்களைக் கண்டால் ஓட வேண்டும்.

இது வீட்டுச் செல்லப் பூனைக்குச் சரி, பயந்துபோன காப்பகப் பூனைக்கு ஆகுமா? அமெரிக்காவில் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லோரி கோகன் குழுவினர் 100 காப்பகப் பூனைகளை இப்படிப் பழக்கி 2017-இல் எழுதினார்கள். இரண்டு வாரத்தில் ஐந்தைந்து நிமிடமாகப் பதினைந்து அமர்வுகள். குச்சியைத் தொடுவது, உட்காருவது, ஒரு சுற்றுச் சுற்றுவது, கையை உயர்த்தி நம் கையில் தட்டுவது என நான்கு செயல். முடிவில் 79 பூனை தொடுவதையும், 60 சுற்றுவதையும், 31 கை தட்டுவதையும், 27 உட்காருவதையும் முழுதாகக் கற்றிருந்தன. உட்காருவதுதான் கடைசி என்பது பூனை வளர்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. வெட்கப்பட்ட பூனைகளும் கற்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கனடாவில் கூர்கோவ், பிலிப்ஸ் என்ற இருவர், காப்பகத்துக்கு வந்ததும் எரிச்சலில் கம்பியை உதைத்துக் கத்திக்கொண்டிருந்த பூனைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மட்டும் பத்து நாள் தினமும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவை அமைதியானதோடு, அவற்றின் குடலில் நோயை எதிர்க்கும் புரதம் கூடியிருந்தது. ஜலதோஷமும் குறைவாக வந்தது. 2016-இல் வெளியான ஆய்வு இது. வித்தை காட்டுவதற்காக இல்லை இந்தப் பயிற்சி. மூளைக்கு ஒரு வேலையும், "நான் ஒன்று செய்தால் ஒன்று நடக்கிறது" என்ற பிடியும் கிடைப்பதே பூனைக்கு மருந்து மாதிரி.

பூரி ஐந்து சனிக்கிழமையில் குச்சியைத் தொடக் கற்றான். நடுவில் அந்த அக்கா நேரம் கிடைத்தபோது இரண்டு நாள் செய்தார். இப்போது யாராவது கூண்டுக்கு முன்னால் நின்றால் முன்னுக்கு வந்து கம்பியில் மூக்கை வைக்கிறான். நோட்டில் இப்போது அவனுக்கு இரண்டு. போன வாரம் ஒரு தம்பதி அவனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. தத்தெடுக்க வருகிறவர்கள் ஒரு கூண்டின் முன்னால் நிற்பது ஒரு நிமிடம் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் பூனை பின்சுவரைப் பார்க்கிறதா, உங்களைப் பார்க்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் ஒன்றைக் காட்டினார்கள்: நாம் கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அப்படியே திருப்பிச் செய்யும், நம்மை நெருங்கவும் கூடும். காப்பகத்தில் அப்படிக் கண் சிமிட்டும் பூனைகளுக்குச் சீக்கிரம் வீடு கிடைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இதற்குத் தீனிகூட வேண்டாம். உற்று முறைத்துப் பார்க்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் சனிக்கிழமை மட்டும் செய்து பயனில்லை. வாரத்துக்கு ஒருநாள் டியூஷன் போன பிள்ளை மாதிரி ஏழு நாளில் பாதி மறந்துவிடுகிறது. தினமும் ஐந்து நிமிடம் வேண்டும். ஆறு பூனைக்கு அரைமணி, போய்வர முக்கால் மணி. வாரத்தில் ஒருநாள் மட்டும் தர முடிகிற ஆறு பேர் கிடைத்தால் வாரம் முழுக்க ஓடும். ரிட்டயர்ட் ஆன சிலர் காலை நடைக்கு அந்தப் பக்கம்தான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சைவக் குடும்பத்தினர் கோழித் துணுக்கைத் தொட வேண்டியதில்லை. காப்பகத்திலேயே உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவைத்துத் தருகிறார்கள், நீண்ட ஸ்பூனில் நீட்டினால் போதும்.

இனி கஷ்டமான பகுதி. ஆறு பூனைக்கும் இது ஒரே மாதிரி பலிக்காது. கறுப்பிக்கும் பாட்டிக்கும் பலிக்கவில்லை. பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் பருவம் பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அந்தக் காலத்தில் ஒரு கையும் படாமல் வளர்ந்தவை இவை இரண்டும். நம் பேஸ்மென்ட்டில்கூட யார் மடிக்கும் வந்ததில்லை, தூரத்தில் நின்று பார்க்கும். பெட்டி வைத்தோம், உயரம் கொடுத்தோம், ஐந்து மாதம் ஆயிற்று. கறுப்பிக்கு நோட்டில் இன்னும் ஐந்துதான். முதுகில் ரோமம் போய்விட்டது. இவற்றைப் பயிற்சியால் வீட்டுப் பூனையாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அந்தப் பூனைகளுக்குச் செய்யும் நல்லதும் இல்லை. அவற்றுக்குத் தேவை கூண்டுக்குள் இன்னொரு பொம்மை இல்லை, கூண்டுக்கு வெளியே ஓர் இடம்.

அதனால் டிசம்பர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கப்போகிறேன். கறுப்பியும் பாட்டியும் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்காகக் காது நுனி வெட்டப்பட்டவை. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து, பழைய சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஓரிடத்தில் மட்டும், நேரம் வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். கார் பானட்டில் கீறல், படியில் அசிங்கம் எல்லாம் உண்மையான தொந்தரவுகள்தான். மணல் தொட்டி வைத்துத் தினமும் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது, இன்னும் மூன்று வீட்டாரும் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். எலி குறையும் என்று சொல்லி நான் உங்களை மயக்க மாட்டேன். நியூயார்க்கில் கேமரா வைத்துப் பார்த்தபோது பூனை பிடித்த எலிகள் மிகச் சொற்பம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்பதை அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது, இப்போது பேஸ்மென்ட்டில் புதிதாக இரண்டு பூனை வந்திருக்கின்றன. இடமும் குப்பைத்தொட்டியும் இருந்தால் யாராவது வந்து நிரப்பத்தான் செய்வார்கள். அந்த இரண்டுக்கும் காது வெட்டப்படவில்லை. ஒன்று பெட்டை. பூனையின் கர்ப்பம் ஒன்பது வாரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

டிசம்பருக்குள் ஆறில் எத்தனைக்கு வீடு கிடைக்கிறது என்பது நமக்குக் கெடு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காப்பகத்துக்கு நனைந்த குட்டிகள் குவியும், பழையவற்றைக் கவனிக்க ஆள் இருக்காது. பூரி, சட்னி, வாட்ச்மேன், சின்னது நான்குக்கும் வீட்டுப் பூனையாகும் சுபாவம் இருக்கிறது. எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்க வேண்டும், வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும். எடுத்த முதல் வாரம் முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஓர் அறையில் வையுங்கள். அந்த அறையிலும் ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள்.

பெட்டி சேகரிப்பு இந்த வாரமே தொடங்குகிறது. செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் ஒரு மூலை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். ஒன்றரை அடி நீளத்துக்குக் குறையாத பெட்டிகளாகப் பார்த்து, மடித்து, வெள்ளிக்கிழமை இரவுக்குள் அங்கே வைத்துவிடுங்கள். ஸ்டேபிள் பின்னையும் டேப்பையும் பிரித்துவிட்டால் எனக்கு அரைமணி மிச்சம். ஃபினாயில், டாய்லெட் கிளீனர், கொசு மருந்து வந்த பெட்டிகள் வேண்டாம், அந்த வாசனையே பூனைக்கு ஆகாது. முட்டை அட்டை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். பிள்ளைகள் வரலாமா என்று காலையில் லிஃப்டில் ஒரு அம்மா கேட்டார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பெரியவர் ஒருவரோடு வரலாம், சின்னவர்கள் வீட்டிலிருந்தே பெட்டியில் ஓட்டை போட்டுத் தரலாம். ஓட்டை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கட்டும். பூரி கொஞ்சம் குண்டாகிவிட்டான்.